பால் காய்ச்சாத ஆஸ்பத்திரி

செவ்வூருணியில் முருகம்மாளிடம் வாயைக் கொடுத்துத் தப்பியவர்கள் கிடையாது. பஞ்சாயத்துத் தலைவர் குருநாதனே அவளைத் தூரத்தில் கண்டால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேறு தெருவழியாக நடையைக் கட்டிவிடுவார். கரிசல் காட்டில் பருத்தி எடுக்கப் போகிற சாதாரணப் பொம்பளைதான் அவள். ஆனால் ஒன்றை நினைத்துவிட்டாளென்றால் அது நடக்கிறவரைக்கும் அவளும் தூங்க மாட்டாள், ஊரையும் தூங்க விடமாட்டாள். சங்கரன்கோவிலுக்குப் பக்கத்தில் பேர் சொன்னால் யாருக்கும் தெரியாத அந்த ஊருக்கு எழுபத்தெட்டாம் வருஷம் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி வந்ததென்றால், அது அவள் பண்ணிய தொந்தரவு தாங்காமல் வந்ததுதான்.

தொந்தரவு பண்ண அவளுக்குக் காரணம் இருந்தது. அவளுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் சங்கரம்மாள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். வலி எடுத்து ஒரு பகல் முழுக்கக் கிடந்தும் பிள்ளை பிறக்கவில்லை. மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். மாட்டுவண்டியில் வைக்கோலைப் பரப்பிப் படுக்க வைத்து சங்கரன்கோவிலுக்கு ஓட்டினார்கள். வழியில் ரயில்வே கேட் அடைத்திருந்தது. கூட்ஸ் வண்டி ஆடி அசைந்து கடந்து போய், கேட்டைத் திறந்துவிட்டபோது வண்டிக்குள் முனகல் நின்றுபோயிருந்தது. தாயும் போனாள், வயிற்றிலிருந்த பிள்ளையும் போனது. முருகம்மாளின் புருஷன் அதற்கு முந்தின வருஷமே காய்ச்சலில் போய்ச் சேர்ந்திருந்தான். அழுகிறதற்குத் தோள் கொடுக்கக்கூட ஆள் இல்லை.

கருமாதி முடிந்த கையோடு அவள் யூனியன் ஆபீஸ் வாசலில் போய் நின்றாள்.

"ஐயா, சங்கரன்கோவில்ல பெரிய ஆஸ்பத்திரி இருக்கு. இல்லைங்கல. அது ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம்லா இருக்கு? கேட்டுக்கு இந்தப் பக்கம் எங்களுக்கு ஒண்ணு வேணும்."

அதிகாரி நல்ல மனுஷர். "பார்ப்போம்மா" என்றார்.

"எப்பப் பாப்பீக? நான் இங்கன உக்காந்திருக்கேன். நீங்க பாத்து முடிச்சதும் சொல்லுங்க, போறேன்."

அப்படியே உட்கார்ந்தும் விட்டாள். அந்த வாரம் மட்டுமில்லை, அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் போனாள். காட்டு வேலை இல்லாத நாளெல்லாம் அவள் இருப்பு யூனியன் ஆபீஸ் வேப்பமரத்தடிதான். கடைசியில், "கட்டடம் கட்ட இடம் வேணுமேம்மா, உங்க ஊர்ல ஏது இடம்?" என்று கேட்டு வைத்தார்கள். இதோடு ஒழிந்தாள் என்று நினைத்திருப்பார்கள். முருகம்மாள் பஸ் ரோட்டோரம் புருஷன் வைத்துவிட்டுப் போயிருந்த மனையை எழுதிக் கொடுத்துவிட்டாள். இளையவள் பூமாரிக்கென்று வைத்திருந்த இடம் அது. ராயகிரியில் வாக்கப்பட்டிருந்த பூமாரி அதைக் கேள்விப்பட்டு, "நல்லதும்மா, கொடு" என்று ஒற்றை வார்த்தையில் முடித்துவிட்டாள்.

கட்டடம் எழும்பியது. உள்ளே இரண்டு கட்டில், ஒரு பிரசவ மேஜை, வெளிச்சுவரில் குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம். நாசரேத்திலிருந்து ஜெபமணி என்று ஒரு நர்ஸம்மா வந்து பின்கட்டில் குடியேறினாள். இடம் கொடுத்தவள் என்று முருகம்மாளுக்கே ஆயா வேலை போட்டுக் கொடுத்தார்கள். திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டினார்கள், கலர் குடித்தார்கள், கைதட்டினார்கள், ஜீப் ஏறிப் போய்விட்டார்கள்.

அதற்கப்புறம்தான் கூத்து. தலைவலி, காய்ச்சல், பிள்ளைகளுக்குச் சொட்டு மருந்து என்று ஊரே ஆஸ்பத்திரிக்கு வந்தது. பிள்ளை பெற மட்டும் ஒருத்தி வரவில்லை. அவரவர் வீட்டு இருட்டு மூலையில் பழைய சேலையைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு முன்னைப்போலவே பெற்றார்கள். முருகம்மாள் தெருக்குழாயில் வைத்துப் பக்கத்து வீட்டு மாரித்தாயை மடக்கினாள்.

"ஏட்டி, ஒம் மூத்த மருமக நேத்துப் பெத்தாளாமே. ஆஸ்பத்திரி கண்ணு முன்னால இருக்கு, ஏன் கூட்டிட்டு வரல?"

மாரித்தாய் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "எக்கா, அந்தக் கட்டடத்துக்குப் பால் காய்ச்சினாகளா?" என்று கேட்டாள்.

முருகம்மாளுக்குச் சுருக்கென்றது. வாஸ்தவம்தான். ரிப்பன் வெட்டினார்களே ஒழிய யாரும் பால் காய்ச்சவில்லை. புதுவீட்டில் பால் பொங்காமல் ஒரு கோழி அடைகாக்கக்கூட விடமாட்டார்கள் அந்த ஊரில். பச்சைப்பிள்ளையை எப்படிப் பெற்றுப் போடுவார்கள்?

"அப்ப வாட்டி, வந்து காய்ச்சு."

"நானா? யாரு குடியிருக்காகளோ அவுகதான காய்ச்சணும்?"

போகிற வீட்டிலெல்லாம் இதே பதில். தலைவர் வீட்டு அம்மாவும் அதையே சொன்னாள். சர்க்கார் கட்டடத்தில் யார் குடியிருக்கிறார்கள்? நர்ஸம்மாதான் இருக்கிறாளென்று அவளிடம் போனால், "எங்களுக்கு அந்த வழக்கமில்ல முருகம்மா. வேணும்னா ஜெபம் பண்ணட்டுமா?" என்றாள். "அதையும் பண்ணிப்போடுங்க, நல்லதுதான" என்று முருகம்மாள் சொல்ல, ஜெபமும் நடந்தது. ஆனாலும் ஒருத்தியும் வரவில்லை.

இந்த லட்சணத்தில் குருநாதன் வந்து ஒரு சேதி சொன்னார். பொங்கலுக்குள் ஒரு பிரசவமாவது நடக்காவிட்டால் கட்டிலையும் மேஜையையும் நர்ஸம்மாவையும் வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்களாம். "நான் என்ன செய்ய முருகம்மா? ஆள் வராத ஆஸ்பத்திரிய யாரு வச்சிருப்பா?" என்று சொல்லிவிட்டு, அவள் வாயைத் திறக்குமுன் கிளம்பிவிட்டார்.

முருகம்மாள் விரல்விட்டு மாதம் எண்ணிப் பார்த்தாள். ராயகிரியில் பூமாரி ஏழு மாதக் கர்ப்பமாக இருந்தாள். தலைப்பிரசவம். தை பிறக்கிற சமயத்தில் இங்கே வந்து பெற வேண்டியவள். இந்த ஆஸ்பத்திரியும் போய்விட்டால் மறுபடி அதே மாட்டுவண்டி, அதே ரயில்வே கேட்.

வெள்ளிக்கிழமை விடியக் கருக்கலில் அவள் குளித்து முழுகி, புதுச்சட்டியைக் கழுவிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தாள். ஊசி அவிக்கிற பம்பு ஸ்டவ்வைக் கிழக்கே பார்த்து வைத்துப் பற்றவைத்தாள். பால் நுரைத்துக் கிளம்பிக் கிழக்குப் பக்கமாகவே வழிந்தது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு துண்டு கருப்பட்டியைப் போட்டுக் கலக்கி, டம்ளரும் கையுமாகத் தெருவுக்கு வந்துவிட்டாள்.

"பால் காய்ச்சியாச்சு. எல்லாரும் வாங்கிக் குடிங்க. ஏட்டி மாரித்தாய், இந்தா."

மாரித்தாய் கையை நீட்டவில்லை. பின்னால் நின்றவர்களும் நீட்டவில்லை.

"யாருக்கா காய்ச்சினா?"

"நாந்தான். குடியிருக்கிறவதான் காய்ச்சணும்னு சொன்னீகள்லா? பகலும் ராத்திரியும் அங்கன கிடக்கது நாந்தான?"

"சொன்னோம்தான். அதுக்காகத் தாலியறுத்தவ காய்ச்சலாமாக்கா? பிள்ளை பிறக்கிற எடம்லா?"

மாரித்தாய் கெட்டவள் இல்லை. மெதுவாகத்தான் சொன்னாள். முருகம்மாள் நீட்டிய டம்ளரைத் திரும்ப இழுத்துக்கொண்டாள். ஆத்திரமாக வந்தது. அதைவிட அவமானமாக இருந்தது. எல்லாவற்றையும்விட, நாமே நம் பிள்ளைக்குக் கேடு தேடிவிட்டோமோ என்ற பயம் பிடித்துக்கொண்டது. பாலை நர்ஸம்மா ஒரு டம்ளர் குடித்தாள். மீதி திரிந்துபோனது.

ராயகிரிக்குச் சேதி போக எவ்வளவு நேரம் ஆகும்? பஸ் போகிற நேரம்தான். பூமாரிக்கு வளைகாப்பு நடந்த அன்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. முருகம்மாள் அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். பெற்ற மகள் கைக்கு வளையல் போட அவளை யாரும் கூப்பிட மாட்டார்கள், அவளும் போகமாட்டாள். முறை அப்படி. நடுவீட்டில் மணையில் உட்கார்ந்திருந்த பூமாரி மட்டும் கழுத்தை நீட்டி நீட்டி அடுப்படிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பாடு முடிந்ததும் சம்பந்தி முத்துத்தாய் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மயினி, தலைப்பிரசவம் தாய்வீட்டுல. அது ஒங்க உரிமை, நான் தடுக்கல. ஆனா பேறு ஒங்க வீட்டுக்குள்ளதான் நடக்கணும். அந்தக் கட்டடத்துக்கு என் மருமகளக் கொண்டு போகப்படாது. எங்க ஊரு மருத்துவச்சிய நானே கூட்டிட்டு வாரேன். இதுக்குச் சரின்னா பிள்ளைய அனுப்புதேன்."

முடியாது என்றால் மகளை அனுப்பவே மாட்டார்கள். "சரி மயினி" என்றாள் முருகம்மாள். அவள் வாயிலிருந்து இவ்வளவு சின்னப் பதில் வந்ததை அதுவரை யாரும் கேட்டதில்லை.

மார்கழிக் கடைசியில் பூமாரிக்கு வலி எடுத்தது. முத்துத்தாய் சொன்னபடியே மருத்துவச்சியோடு முந்தின நாளே வந்து இறங்கியிருந்தாள். காலையில் தொடங்கிய வலி உச்சிப்பொழுதாகியும் ஒரே நிலையில் நின்றது. மருத்துவச்சி வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "பொறுங்க, பொறுங்க" என்றாள். அவள் முகத்தைப் பார்த்த முருகம்மாளுக்குக் காதுக்குள் கூட்ஸ் வண்டி ஓட ஆரம்பித்துவிட்டது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி. அதன் சாவி அவள் இடுப்பில். மகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம். ஆனால் ஓடி, அங்கே ஏதாவது ஆகிவிட்டால்? இவள் கை பட்டதால்தான் என்று ஊர் சொல்லும். ஊர் சொல்வது கிடக்கட்டும், அவளே அப்படித்தான் நினைப்பாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மரமாக நின்றாள்.

பாயில் கிடந்த பூமாரி சுவரைப் பிடித்து எழுந்தாள்.

"நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

"ஏட்டி, படு!" என்று முத்துத்தாய் பதறினாள். "அங்கன யாரு பால் காய்ச்சினாகன்னு ஒனக்குத் தெரியும்லா?"

"தெரியும் அத்தை. என்னப் பெத்தவ காய்ச்சினா. அவ பாலக் குடிச்சுத்தான் நான் வளந்தேன். அவ காய்ச்சின பால் மட்டும் எனக்கு ஆகாமப் போயிருமா?"

பூமாரி கையை நீட்டினாள். "அம்மா, பிடிச்சுக்கோ. நின்னுக்கிட்டே இருக்க?"

அவ்வளவுதான். மரம் அசைந்துவிட்டது. முருகம்மாள் மகளை அணைத்துப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். "தள்ளுங்கட்டி! வேடிக்கையா பாக்கிய? ஒருத்தி ஓடிப்போயி நர்ஸம்மாவக் கூப்பிடு!" என்று அவள் போட்ட சத்தத்தில் தெரு விலகி வழி விட்டது. மாரித்தாய்தான் ஓடினாள்.

வெயில் தாழுமுன் பிள்ளை பிறந்துவிட்டது. பெண்பிள்ளை. அழுகைச் சத்தம் ரோடு வரைக்கும் கேட்டது. ஆனால் நர்ஸம்மா உடனே வெளியே வரவில்லை. "முருகம்மா, வெந்நீர்! பஞ்சு! சீக்கிரம்!" என்று குரல் மட்டும் வந்தது. வாசலில் நின்ற முத்துத்தாய் படியில் உட்கார்ந்துவிட்டாள். வெகுநேரம் கழித்துத்தான் ஜெபமணி முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"பயமில்ல. ரத்தம் நிக்காமப் போயிட்டிருந்துச்சு. ஊசி போட்டு நிறுத்தியாச்சு. வீட்டுல வச்சிருந்தீங்கன்னா..." என்று இழுத்தாள்.

ராயகிரி மருத்துவச்சிதான் முடித்து வைத்தாள். "எங்கிட்ட அதுக்கு மருந்து கிடையாது தாயி. பிள்ளைய மட்டுந்தான் கொண்டு போயிருப்பம்."

முத்துத்தாய் எழுந்து உள்ளே போனாள். பூமாரி வெளுத்துப் போய், ஆனால் கண்ணைத் திறந்து கிடந்தாள். பக்கத்தில் துணியில் சுற்றிய பிள்ளை. பிறந்த பிள்ளை நாக்கில் முதன்முதலாகச் சீனித்தண்ணியைத் தொட்டு வைப்பதைச் சேனை வைப்பது என்பார்கள். வைக்கிறவர்களின் குணம் பிள்ளைக்கு வருமென்று பார்த்துப் பார்த்து ஆள் தேடுவார்கள். வாழ்ந்து கொழித்தவர்களைத்தான் கூப்பிடுவார்கள். முத்துத்தாய் ராயகிரியிலிருந்தே ஒரு சின்னக் கிண்ணத்தை இதற்கென்று மடியில் கட்டி எடுத்து வந்திருந்தாள். தானே வைப்பதாக இருந்தவள், சீனியைக் கரைத்துக் கிண்ணத்தை முருகம்மாளிடம் நீட்டினாள்.

"மயினி, நீங்க வைங்க."

"நானா? நான் வைக்கக் கூடாதுல்லா மயினி?"

"ஒங்களத் தவிர யாரும் வைக்கக் கூடாது. ஒங்க தைரியம் என் பேத்திக்கு வரட்டும்." முத்துத்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வாயி மட்டும் கொஞ்சம் குறைச்சலா வந்தாப் போதும்."

பூமாரி படுத்தபடியே சிரித்தாள். முருகம்மாள் விரலை நனைத்துப் பிள்ளையின் நாக்கில் வைத்தாள். பிள்ளை சப்புக்கொட்டியது. செத்துப்போன சங்கரம்மாள் பிறந்தபோது இதே மாதிரிதான் சப்புக்கொட்டியது அவளுக்கு ஞாபகம் வந்தது. யூனியன் ஆபீஸிலும் தெருவிலும் ஒரு பொட்டுக் கண்ணீர் விடாதவள், பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

அழுது தீர்ந்து வெளியே வந்தபோது மாரித்தாய் வாசற்படியில் நின்றாள். ஏதோ கேட்க வந்தவள் கேட்காமல் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"என்னட்டி?"

"சின்ன மருமகளுக்கு வார மாசம்க்கா. இங்கனயே கொண்டாந்துரலாம்னு..."

"கொண்டா. அதுக்குத்தான கட்டி வச்சிருக்கு. பால் காய்ச்சியாச்சு."

"அன்னைக்கு நான் குடிக்காம விட்டுட்டேன்" என்றாள் மாரித்தாய். "இன்னொரு தடவ காய்ச்சுக்கா. எல்லாரும் வாரோம்."

முருகம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பழைய வாய் திரும்பி வந்திருந்தது.

"காய்ச்சுதேன். ஆனா ஸ்டவ்வுக்கு மண்ணெண்ணெய் நீதான் கொண்டு வரணும்."