உப்பு அண்ணன் எடுத்த மேல் தண்ணீர்

அப்பா அம்மா வைத்த பெயர் அவருடைய சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது. வேலையிடத்தில் எல்லோருக்கும் அவர் உப்பு அண்ணன்.

ஆழத்தில் கிடக்கும் ஷேல் என்ற அடுக்குப் பாறையைப் பிளந்து எரிவாயு எடுக்க, குளம் கொள்ளும் அளவு தண்ணீரை அழுத்தத்தோடு கிணற்றுக்குள் செலுத்துவார்கள். அதில் ஒரு பங்கு, பாறையின் உப்பையெல்லாம் வாரிக்கொண்டு மேலே திரும்பி வரும். அதைத் தொட்டியில் பிடித்து, சோதித்து, அடுத்த கிணற்றுக்கு ஆகுமா ஆகாதா என்று சொல்வதுதான் பதினொரு வருடமாக அவர் பிழைப்பு. வீட்டுச் சமையலில் உப்பே போடாவிட்டாலும் அவருக்குத் தெரியாது என்பது மனைவியின் குற்றச்சாட்டு. நியாயமான குற்றச்சாட்டுதான்.

இந்தக் கோடையில் ஆறு மெலிந்துவிட்டது. ஆனாலும் அடுத்த கிணற்றுக்கு ஆற்றுத் தண்ணீர்தான் என்று கரையில் பம்பை இறக்கிவிட்டார்கள். அது ஓடினால் ஆற்றில் கீழ்ப்பக்கம் இருக்கிற சின்ன மோட்டார்களை நிறுத்தச் சொல்வார்கள். கீழே இருந்தது அவருடைய அக்காவின் நர்சரி. ஆயிரக்கணக்கில் கன்றுகள், ஒரே மோட்டார். மாமா போன பிறகு அக்காவை நிமிர வைத்தது அந்த நர்சரிதான்.

அதனால்தான் உப்பு அண்ணன் என்ஜினீயர் பெண்ணிடம் மூன்று நாளாக மன்றாடினார். "மேடம், தொட்டியில நிக்கிற தண்ணியையே போடுவோம். ஆத்தத் தொட வேணாம்."

"போடலாம்ணே. உப்பு லிட்டருக்கு அறுபது கிராமுக்குள்ள இருக்கணும். தாண்டுச்சுன்னா, தண்ணி வழுக்கிட்டு இறங்கக் கலக்குற வழவழப்பு மருந்து திரிஞ்சு போயிடும், கிணறே அடைச்சுக்கும். சோதிச்சுச் சொல்லுங்க."

சோதித்தார். ஐம்பத்திரண்டு. அவளும் கையெழுத்துப் போட்டுவிட்டாள். மறுநாள் காலை தொட்டித் தண்ணீர் கிணற்றுக்குள் இறங்கும். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. கேன்டீனில் போய் உட்கார்ந்து, கலக்க மறந்த டீயைக் குடித்தார். முதல் வாய் சப்பென்று இருந்தது. கடைசி வாயில் சர்க்கரை பாகாய் வந்தது.

டம்ளரை வைத்த கை அப்படியே நின்றது. முந்தின வாரம் ஒரு மழை பெய்திருந்தது. மழைத்தண்ணீர் மேலே மிதக்கும், உப்புத்தண்ணீர் கனத்து அடியில் கிடக்கும். அவர் பாட்டிலை முக்கியது மேல் மட்டத்தில்! ஏணியில் குனிந்தால் முதுகு பிடிக்கிறது என்று, பதினொரு வருட அனுபவஸ்தர், வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஆள்கூடச் செய்யாத தப்பைச் செய்திருந்தார்.

சொன்னால் ஆற்றுப் பம்பு ஓடும். சொல்லாவிட்டால் கிணறு கெடும், அந்தப் பெண்ணின் வேலை போகும். ஒரு நிமிடம் அவருக்கு அக்கா முகம்தான் பெரிதாகத் தெரிந்தது. அதை மறைப்பானேன். பிறகு எழுந்து கயிறு கட்டிய பாட்டிலோடு ஏணி ஏறினார். மேலே, நடுவில், அடியில் என்று மூன்று இடத்தில் எடுத்தார். சராசரி எழுபத்தைந்து.

"மேடம், தப்பு என்னுதுதான். மேலாப்புல எடுத்துட்டேன்."

அவள் புதுக் கணக்கு எழுதிய தாளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீங்களாண்ணே?" என்று மட்டும் கேட்டாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு. அவள் ஆற்றுப் பம்பு ஆட்களைக் கூப்பிட போனை எடுத்தபோது, வெளியே லாரி ஒன்று மண் ரோட்டில் தண்ணீர் தெளித்துக்கொண்டு போனது. புழுதி அடங்குவதற்காக, வளாகத்து மழைக்குட்டையிலிருந்து எடுக்கிற தண்ணீர்.

"மேடம், ஒரு நிமிஷம்! அந்தக் குட்டையில உப்பே கிடையாது. மூணு பங்கு தொட்டி, ஒரு பங்கு குட்டை. கலக்கிப் பார்ப்போமா?"

"ரோட்டுக்கு?"

"பத்து நாளு புழுதி தின்போம். செத்தா போயிடுவோம்?"

அவள் போனைக் கீழே வைத்தாள். குட்டைத் தண்ணீரைத் தொட்டியில் விட்டு, சின்னப் பம்பு போட்டுச் சுற்றவிட்டு, மூன்று ஆழத்திலும் எடுத்தார்கள். மூன்றும் ஐம்பத்தாறு. மருந்தைக் கலந்தார்கள். திரியவில்லை. மறுநாள் தண்ணீர் மளமளவென்று இறங்கியது. தலைமுடி முதல் செருப்பு வரை எல்லோரும் செம்மண் நிறத்துக்கு மாறி அவரைச் செல்லமாகத் திட்டினார்கள். அவர் வாங்கிய திட்டுகளிலேயே ருசியானவை அவைதான்.

ஞாயிற்றுக்கிழமை நர்சரிக்குப் போனார். கரையில் பம்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அக்கா தலையை நிமிர்த்தாமல் பைகளில் மண் நிரப்பிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நீளநீளமாக ஐந்து புதுப் பாத்திகள், விரல் நுனி உயரத்துக்கு முளை விட்டிருந்தன.

"இது எப்பக்கா போட்டது?"

"பம்பு வந்து இறங்குன அன்னைக்கு."

"தண்ணி நின்னிருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"எப்படிடா நிக்கும்? அங்க நீ இருக்கேல்ல?" அக்கா மண்ணைத் தட்டிவிட்டு அடுத்த பையை எடுத்தாள்.

மேலாப்புத் தண்ணீர் விஷயத்தை அவர் அவளிடம் சொல்லவில்லை. பூவாளியை எடுத்து, முதல் பாத்தியிலிருந்து நனைக்க ஆரம்பித்தார்.