பாங்குக்குக் காத்து நின்றவன்

சிதம்பரத்திலிருந்து வரும் பஸ் கடலூர் சிப்காட் ஆலைகளை நெருங்கினால் தூங்குகிறவனும் எழுந்துவிடுவான். அழுகின முட்டை வாடை அப்படி. எனக்கோ அந்த வாடைக்குப் பசிக்கும். சிரிக்காதீர்கள், வருஷக்கணக்கில் அதற்குள் உட்கார்ந்து சோறு தின்றவன் நான். நேற்று பசிக்கவில்லை. பழைய ஷிப்ட் ஆட்களின் வாட்ஸப் குரூப்பில் செல்வத்தின் குரல் வந்திருந்தது.

"வெள்ளிக்கெழம சாயங்காலம் பள்ளிவாசல் எதிர்ல எல்லாரும் வந்துருங்க. ஸ்பீக்கர கழட்டாம விடப்போறதில்ல."

அதே குரூப்பில் பஷீரும் இருக்கிறான்.

செல்வம், பஷீர், நான் மூவரும் ஒரு ரசாயனக் கம்பெனியில் ஒரே ஷிப்ட். நோன்பு மாதத்தில், மெஷின் இரைச்சலில் பஷீருக்கு, நோன்பு திறக்கப் பள்ளிவாசலில் சொல்லும் பாங்கு கேட்காது. கடிகாரம் இல்லையா என்பீர்கள். இருந்தது, செல்வம்தான் அதை நம்பமாட்டான். கேட் வரை ஓடி, காதைத் தீட்டிக்கொண்டு நின்று, பாங்கு கேட்டதும் மஞ்சள் ஹெல்மெட்டைத் தலைக்கு மேல் ஆட்டுவான்.

"சொல்லிட்டாங்கடா, குடிடா தண்ணிய!"

பஷீர் வீட்டு நோன்புக் கஞ்சியில் முதல் டம்ளர் செல்வத்துக்குத்தான். அவன் குடிக்கிற வேகத்தைப் பார்த்தால், நோன்பு பிடித்தவன் அவன்தான் என்று தோன்றும்.

அப்புறம் காண்ட்ராக்ட் ஆட்கள் வந்தார்கள். கம்பெனி எங்களை வெளியே அனுப்பியது. செல்வம் இத்தனை காலம் கொடி பிடித்த யூனியனில் ஒருத்தரும் போனை எடுக்கவில்லை. அவன் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வந்தவர்கள் புதுக் கட்சிக்காரர்கள்தான். ரத்தம் கொடுத்தார்கள், 'அண்ணே' என்றார்கள், கிளைப் பொறுப்பு கொடுத்தார்கள். உன் பிழைப்பைக் கெடுத்தது யார் என்பதற்கு ஒரு பதிலும் கொடுத்தார்கள். முதலாளி பெயர் மட்டும் அதில் இல்லை.

பஸ்ஸிலிருந்தே செல்வத்தைப் போனில் கூப்பிட்டேன்.

"பஷீருக்கும் நம்மகூடதானடா வேல போச்சு?"

"அவன சொல்லல மச்சான். அவங்கள சொல்றேன்."

"அவங்கன்னா யாருடா?"

வைத்துவிட்டான். கோபம் வந்தது. அந்த ஆஸ்பத்திரிக்கு நானாவது போயிருக்கலாமே என்றும் தோன்றியது, என்ன செய்ய.

கடலூரில் இறங்கி பஷீர் இப்போது ஓட்டும் ஷேர் ஆட்டோவில் ஏறினேன். அவனும் செல்வத்தின் குரலைக் கேட்டிருந்தான். இப்போதும் நோன்பு மாதம்தான்.

"சாயங்காலம்னா எப்ப வருவாங்களாம்?"

"நோன்பு தொறக்குற நேரமாதான் இருக்கும்."

"சின்னப் புள்ளைங்க கஞ்சி வாங்க வர்ற நேரம்டா அது," என்றான். சாவியைத் திருப்பினான், வண்டி கிளம்ப மறுத்தது.

எங்கள் கம்பெனியும் இப்போது பூட்டிக் கிடக்கிறது. ஷிப்ட் சங்கு ஓய்ந்துவிட்டது. அந்த மஞ்சள் ஹெல்மெட் எங்கே போனதோ. வெள்ளிக்கிழமை செல்வம் பள்ளிவாசல் எதிரில் நிற்பான், பாங்கு எப்போது வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு.