அஸ்கர் கொடுத்த கோரல்

அலி அஸ்கருக்குக் கோபம் வந்தால் முதலில் காதுதான் சிவக்கும். அன்றைக்கு மேலப்பாளையத்தில் பைக்கை மிதிக்கும்போதே சிவந்துவிட்டது. வண்ணார்பேட்டை வந்து சேர்வதற்குள் நாலு பஸ் டிரைவர்களைத் திட்டித் தீர்த்திருந்தார்.

கோபம் வராமல் என்ன செய்யும்? துபாயில் மீன்தொட்டிக் கடை ஒன்றில் பதினோரு வருஷம் உப்புத்தண்ணியில் கை ஊறக் கிடந்து தொழில் படித்த மனுஷன். ஊருக்குத் திரும்பி, வீட்டுக்குள் கடல்தொட்டி வைத்து மீனும் பவளமும் வளர்க்கிற பத்து வீடுகளுக்கு வைத்தியம் பார்க்கிறார். அந்தப் பத்துப் பேரும் இருக்கிற வாட்ஸப் குரூப்பில்தான் ரிட்டயர்டு தாசில்தார் வைத்தியலிங்கம் காலையில் எழுதிப் போட்டிருந்தார்: 'அஸ்கர் கொடுத்த லெதர் கோரல் சீக்கோடு வந்திருக்கிறது. எல்லாரும் ஜாக்கிரதை.' ஒரு மணி நேரத்தில் பெருமாள்புரம் ஜெனோ, 'இனி எங்க வீட்டுக்கு வர வேண்டாம்' என்று சொல்லிவிட்டார். இன்னும் ரெண்டு வீடு இப்படிக் கழன்றால் அடுப்பில் பூனை தூங்க வேண்டியதுதான்.

கட்டைவிரல் அளவிலிருந்து அஸ்கர் தன் கையால் வளர்த்துக் கொடுத்த மென்பவளம் அது. காளான் மாதிரி விரிந்து நிற்க வேண்டியது, இப்போது வைத்தியலிங்கம் வீட்டுத் தொட்டியில் சுருண்டு, ஓரம் கறுத்து, தொட்டால் வழுவழுவென்று உரிந்தது.

"எத்தன நாளா இப்படிக் கெடக்கு?"

"பத்து நாளாச்சு வே. தோல் உரிக்குன்னு விட்டுட்டேன்."

"தோல் உரிச்சா நாலஞ்சு நாள்ல விரிஞ்சிரும் அண்ணாச்சி. இது அழுகுது. நத்தையெல்லாம் எங்க?"

"செத்துப்போச்சு. எறாலும் போச்சு. மீனு மட்டும் நல்லாத்தான் திங்குது."

இப்போது கழுத்தும் சிவந்தது. மீன் பிழைத்து, நத்தையும் இறாலும் கோரலும் சாகிறதென்றால் அது சீக்கே இல்லை, செம்பு விஷம். சோதனைக் குழாயில் தொட்டித் தண்ணியை எடுத்துச் சொட்டு மருந்து விட்டார். நிறம் மாறியது.

"என்ன ஊத்துனீங்க? மீனுக்கு வர்ற வெள்ளப்புள்ளிச் சீக்குக்கு விக்கிற மருந்துல செம்பு உண்டுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்லா?"

"நெல்லையப்பர் சத்தியமா ஒரு சொட்டு ஊத்தல வே!"

"பின்ன செம்பு வானத்துல இருந்தா குதிச்சுது?"

வைத்தியலிங்கத்தின் மனைவி பார்வதியம்மாள் அடுக்களையிலிருந்து வந்தார். இடுப்பில் புளி போட்டுத் தேய்த்த செம்புக் குடம் தகதகவென்று இருந்தது. குடத்தில் இருந்தது, தொட்டியில் வற்றின அளவுக்குத் தினமும் ஊற்றுகிற ஆர்.ஓ. தண்ணி. "நீங்க சண்ட போடுங்க, அது வத்திக் கெடக்கு" என்று குடத்தைச் சாய்த்தார்.

"யா அல்லாஹ்! ஊத்தாதீங்கக்கா!" அஸ்கர் பாய்ந்து குடத்தைப் பிடித்தார். "செம்புல வைக்க யாரு சொன்னா? அறிவிருக்கா இந்த வீட்டுல?"

பார்வதியம்மாளுக்கும் சுர்ரென்று ஏறிவிட்டது. "பிளாஸ்டிக் குடம் பாசி பிடிச்சிருக்கு, அதுல வைக்காதீங்கன்னு போன மாசம் நீங்கதானே தம்பி சொன்னீங்க? பின்ன எதுல வைக்க? நாங்க குடிக்க தண்ணியே செம்புலதான். வீட்டுலயே ஒசந்த பாத்திரத்த எடுத்து அதுக்குக் குடுத்தேன். செம்புக் குடம் ஆகாதுன்னு ஒரு வார்த்த சொன்னீங்களா?"

சொல்லவில்லை. துபாயில் யார் செம்புக் குடத்தில் தண்ணி வைத்தார்கள்? ஆனால் திருநெல்வேலியில் பிறந்தவனுக்கு இது தோன்ற வேண்டாமா? முட்டாப்பயலே, முட்டாப்பயலே என்று தன்னையே வைதுகொண்டு பாதித் தண்ணியை மாற்றினார். கரித்தூள் அடைத்த பையும், செம்பை உறிஞ்சுகிற பஞ்சும் போட்டார். அழுகின ஓரத்தை பிளேடால் வெட்டி, மிச்சத்தை அயோடின் கலந்த தண்ணியில் முக்கினார். உள்ளங்கை அகலம் இருந்ததில் ரெண்டு விரல் அகலம்தான் தேறியது.

வைத்தியலிங்கம் தயங்கித் தயங்கி போனை எடுத்தார். "தப்பு எங்க மேலன்னு குரூப்புல போட்டுருதேன் வே."

அதை எழுத வைக்கத்தான் அஸ்கர் வண்டியேறி வந்ததே. "நீங்க ஒண்ணும் போடாண்டாம்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுத் தானே எழுதினார்: 'அண்ணாச்சி வீட்டுக் கோரலுக்குச் சீக்கு இல்லை. செம்புக் குடத்துத் தண்ணிதான் காரணம். செம்புப் பாத்திரம் ஆகாது என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. தப்பு என்னுடையது.'

அரை நிமிஷம் ஆகவில்லை. ஜெனோ கூப்பிட்டார். "பாய், எங்க வீட்டுலயும் செம்புதான். இப்பத்தான் ஒரு குடம் ஊத்துனேன்."

"ஊத்திட்டு ஏன்வே எங்கிட்டப் பேசிக்கிட்டு நிக்கீரு? பாதித் தண்ணிய எறையும், வாரேன்!"

படி இறங்குவதற்குள் அடுத்த போன். சலாமும் சொல்லவில்லை, வணக்கமும் சொல்லவில்லை. "செம்பா?" என்றுதான் எடுத்தார்.