ஒரு நாற்காலி குறைந்த வரிசை

பக்கத்து ஹாலில் குபீரென்று சிரிப்பு எழுந்தது. சாமான் அறையில் மேசைவிரிப்பை மடித்துக்கொண்டிருந்த ஹால் அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

சமுதாயக் கல்லூரியில் அன்று ஆண்டு விழா. பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் பாடுவார்கள். மாலை வகுப்புகளில் தேறியவர்கள் சான்றிதழ் வாங்குவார்கள். பத்தொன்பது வருடமாக அந்த ஹாலில் நாற்காலி போடுவது அக்காதான். பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு நாற்காலியிலும் பெயர்ச்சீட்டு ஒட்டுவாள். மேடையில் சான்றிதழ்களும் அதே வரிசையில் அடுக்கப்பட்டிருக்கும். இதுவரை ஒரு முறைகூடப் பிசகியதில்லை.

ஒத்திகை நடத்திய டீச்சர் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே வந்தார்.

"அக்கா, குழாய் ரிப்பேர்க்காரர் கையில தையல் சான்றிதழ்! பதினாலாவது நாற்காலிக்கு அப்புறம் எல்லாருக்கும் ஒண்ணு தள்ளிப் போகுது. இருபத்திமூணு சான்றிதழ், இருபத்திரண்டு நாற்காலி. உங்க நாற்காலி எங்க?"

"எனக்கு வேண்டாம் டீச்சர். அதை மட்டும் எடுத்து வெச்சிடுங்க, நாளைக்கு வாங்கிக்கறேன்."

"ரெண்டு வருஷம் கணக்கோட மல்லுக்கட்டிப் பத்தாவது பாஸ் பண்ணிட்டு, மேடை ஏற மாட்டீங்களா?"

"பேத்தி பாடறதைக் கேக்க என் சம்பந்தியம்மா வராங்க."

ஏழு வருடத்துக்கு முன், அக்காவின் மகளைப் பெண் பார்க்க வந்த அன்று, "நீங்க எது வரைக்கும் படிச்சிருக்கீங்க?" என்று சம்பந்தியம்மா கேட்டார். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோனவள், மகளின் வாழ்க்கை கை நழுவிவிடுமோ என்ற பயத்தில், "பத்தாவது பாஸ்" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அந்த ஒரு வார்த்தை தொண்டையில் முள்ளாக நின்றது. அதை மெய்யாக்கத்தான் ஐம்பத்திரண்டு வயதில் வகுப்பில் சேர்ந்தாள்.

"ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணலாம்பாங்க டீச்சர். நான் ஒண்ணுதான் சொன்னேன். அதுக்கே தூக்கம் போச்சு."

"அந்த ஒண்ணும் எங்கிட்டத்தான் சொல்லணுமா?"

வாசலில் சம்பந்தியம்மா நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று இருவருக்கும் தெரியவில்லை. டீச்சர் நைசாக நழுவிவிட்டார்.

அக்கா மேசையைப் பிடித்துக்கொண்டாள். "மன்னிச்சிடுங்க சம்பந்தி. என் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல."

சம்பந்தியம்மா உள்ளே வந்தார். பிறகு, "பெண்ணைப் பாக்க வந்த இடத்துல அம்மாவோட படிப்பைக் கேட்டேனே, என்னைச் சொல்லணும்" என்றார். "ஆனா எனக்குக் கோபம்தான். மறைக்காம சொல்றேன்."

"திட்டுங்க."

"திட்டறதுக்கு வீடு இருக்கு. ஞாயித்துக்கிழமை வரேன். உங்க மாப்பிள்ளைகிட்ட நீங்களே சொல்லணும், நான் சொல்ல மாட்டேன். இப்ப போய் நாற்காலியைப் போடுங்க. உங்களால அங்க ஒரு மனுஷன் தையல்காரனா நிக்கறான்."

அக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மூலையில் மடக்கி வைத்திருந்த நாற்காலி ஒன்றை எடுத்தாள்.

"முகத்தைக் கழுவிட்டு வாங்க. மேடையில அழுமூஞ்சியா நிக்காதீங்க, பேத்தி பயந்துடுவா."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பாராமல் ஹாலை நோக்கி நடந்தார் சம்பந்தியம்மா. கதவு அவர் பின்னால் மெல்லச் சாத்திக்கொண்டது.