சொல்லிவிட்டுப் போன சனிக்கிழமைகள்

தக்சாயினி பெயிலாகவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். "மூளை காணாது, அதுதான் பிஎச்டியை இடையில் விட்டவள்" என்று கன்ரீனில் இருந்து கதைக்கிறவர்கள் என் முன்னால் கதைக்கக் கூடாது. இருபத்திரண்டு வருடமாகக் கம்பஸ் ஆய்வுகூடத்தில் போத்தல் கழுவி, மெசின் பார்த்து, எத்தனையோ கலாநிதிகளைக் கண்டவள் நான். அவளைப் போல ஒழுங்காக வேலை செய்த ஒருத்தரைக் காணவில்லை. அந்த ஒழுங்குதான் அவளைத் தின்றது.

அவள் பண்டத்தரிப்புக்காரி, சிவில் எஞ்சினியர். கணவன் கட்டாரில். அவளுடைய ஆய்வுக் கேள்வி இதுதான்: மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் எவ்வளவு தூரம் இருந்தால் தண்ணீரில் கிருமி வராது? எங்கள் மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். குழியில் விட்டது கிணற்றுக்குப் போக அதிக நாள் எடுக்காது. காணிகளும் சீதனத்துக்குப் பிரிந்து பிரிந்து, குழியும் கிணறும் பக்கத்துப் பக்கத்தில் வந்துவிட்டன. தன் ஊரிலேயே நாற்பது கிணறுகளைத் தெரிந்தெடுத்து, மாதம் ஒரு சனிக்கிழமை தண்ணீர் எடுத்து வருவாள். கிருமியை எண்ணிக் கொடுப்பது என் வேலை.

முதல் வருடம் ஆய்வு முறையியல் என்று ஒரு பாடம். அதில் அவளுக்கு ஏ. வீட்டுக்காரரிடம் கையெழுத்தோடு சம்மதம் வாங்க வேண்டும், வருவதை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும், முடிவை அவர்களுக்கும் தெரிவிக்க வேண்டும். கொப்பியில் எழுதியதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். வியாழக்கிழமை பின்னேரம் நாற்பது வீட்டுக்கும் கோல் எடுப்பாள். "அன்ரி, சனி காலமை தண்ணி எடுக்க வாறன். நாயைக் கட்டி வையுங்கோ." சொல்லாமல் ஒரு வளவுக்குள் போவது எங்கள் பக்கத்தில் மரியாதையும் இல்லை.

தண்ணீர் எல்லாம் சுத்தமாக வந்தது. அதிலும் ஒரு புதினம், குழிக்கு மிகக் கிட்ட இருந்த கிணறுகள்தான் மிகச் சுத்தம். அவளுடைய பேராசிரியர் தியாகலிங்கத்துக்குத் தலைகால் தெரியாத சந்தோசம். சுண்ணாம்புக்கல்லைப் பற்றிப் புதிதாக ஏதோ கண்டுபிடித்துவிட்டதாக நினைத்தார். தண்ணீர் எடுத்த முதல் வருட முடிவில் ஒவ்வொரு வீட்டுக்கும் "கிருமி இல்லை" என்று எழுதி ஒரு கடதாசித் துண்டு கொடுத்தாள். ஒருமுறை போத்தலைத் திறந்தபோது எனக்குக் குளோரின் மணத்தது. போத்தல் கழுவிய மணமாக்கும் என்று விட்டுவிட்டேன். அன்றைக்கு நான் வாயைத் திறந்திருக்கலாம். அதை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்காது.

தண்ணீர் எடுக்கத் தொடங்கி இருபத்து மூன்றாவது மாதம் அவளுடைய போன் உடைந்துபோனது. நம்பர்கள் எல்லாம் அதற்குள். ஆய்வேட்டைக் கொடுக்க மூன்று மாதம்தான் இருந்தது, தவணை ஏற்கெனவே இரண்டு தரம் நீட்டியாயிற்று. ஒரு சனிக்கிழமையையும் விடக் கூடாதென்று சொல்லாமலே கிளம்பினாள். உதவிக்கு நானும் போனேன். முதல் வீடு மகாதேவி அன்ரியுடையது.

அன்ரி எங்களைக் கண்டதும் முகம் கறுத்துப்போனார். "என்ன பிள்ளை, சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிக்கிறாய்? கிணத்துக்கு இன்னும் தூள் போடேல்லையே."

"என்ன தூள் அன்ரி?"

"குளோரின் தூள்தான். நீ வாறாய் எண்டால் முதல் நாள் போட்டு வைக்கிறனாங்கள். நீ தண்ணி எடுக்கிற வீடு முழுக்க அப்பிடித்தான். குழி கிட்டக் கிடக்கிற ஆக்கள் ரெண்டு மடங்கு போடுறவை."

தக்சாயினி கிணற்றுக்குள் வாளியை இறக்கினாள். நாற்பது வீட்டிலும் எடுத்தோம். மறுநாள் ஆய்வுகூடத்தில் கிருமி வளர்க்கிற தட்டுகளைத் திறந்தால் கிருமி மொய்த்துக் கிடந்தது. குழிக்குக் கிட்ட இருந்த கிணறுகளில் என்னால் எண்ணவே முடியவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மாவா சொன்னார்கள்? ஏ எடுத்த பாடத்தில் இது இருக்கவில்லை.

"இந்த ஒரு நாள் டேற்றாவை விடும்" என்றார் பேராசிரியர். "உம்மட்டை இருபத்திரண்டு மாதத்து டேற்றா இருக்கு. அது காணும்."

நானும் அதையே சொன்னேன், வெட்கமில்லாமல். "உதைக் கிழிச்செறிஞ்சுபோட்டு ஆய்வேட்டைக் குடு பிள்ளை. ஆர் கேக்கப் போகினம்?"

"யசிந்தாக்கா, அந்தத் துண்டை நம்பி ஆரும் தண்ணியைக் கொதிக்க வைக்கிறதை விட்டிருந்தால்?" என்றாள்.

இருபத்திரண்டு மாதத் தண்ணீரும் பொய், புதிதாக எடுக்கத் தவணையும் இல்லை. அடுத்த கிழமை பிஎச்டி பதிவை நீக்கச் சொல்லிக் கடிதம் கொடுத்தாள். ஆறு வருடம். நான்தான் ஆய்வுகூடக் கதவைச் சாத்திவிட்டு அழுதேன். அவள் அழவில்லை, துண்டுகளைத் திரும்ப வாங்கப் புறப்பட்டாள். நானும் கூடப் போனேன்.

மகாதேவி அன்ரி வீட்டுக் குசினியில் அந்தத் துண்டு பிளாஸ்ரிக் உறை போட்டு அடுப்புக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்தது. கீழே பாயில் பேத்தி ஆரபி படுத்திருந்தாள், கையில் சேலைன் ஏற்றிய பிளாஸ்ரர். வயிற்றோட்டம். இரண்டாம் தரமாக ஆஸ்பத்திரியில் இருந்து வந்திருக்கிறாளாம்.

தக்சாயினி குந்தி இருந்து எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினாள். தண்ணீர் கூடாது, இனிக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும், துண்டு பிழை. அன்ரிக்கு முகம் வெளிறிவிட்டது. பேத்தியின் காலைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"ஏன் அன்ரி தூள் போட்டனீங்கள்?" என்று கேட்டாள். குரலில் கோபம் இல்லை.

"நீ தனிச்சு நிண்டு கஷ்டப்பட்டுப் படிக்கிற பிள்ளை. எங்கடை தண்ணியிலை கிருமி கண்டால் உன்னைப் பெயிலாக்கிப்போடுவினம் எண்டு பயந்திட்டம். நான்தான் வீடு வீடாப் போய்ச் சொன்னனான்." பேத்தியின் போர்வையை இழுத்து விட்டுக் கேட்டார். "நீ பாஸ்தானே பிள்ளை?"

தக்சாயினி சுவரில் இருந்த துண்டைக் கழற்றினாள். உறையோடு தன் பைக்குள் வைத்தாள்.

"ஓம் அன்ரி" என்றாள். "பாஸ்."