வரதண்ணாவும் ஏரியல் கம்பியும்

பினாங்கில் சாமி ஊர்வலம் வந்தால் முன்னால் ஒருவன் நீளமான கழியோடு நடக்கிறான். தெருவின் குறுக்கே தொங்கும் ரேடியோக் கம்பி, துணி காயும் கயிறு எல்லாவற்றையும் கழியால் தூக்கிப் பிடிக்கிறான். சீனர்களின் உயரமான சாமி அவற்றுக்கு அடியில் சாவதானமாகப் போகிறது. அவ்வளவுதான் விஷயம், யாரும் பதறுவதில்லை. நான் வந்து பன்னிரண்டு வருஷம் ஆகியும் எனக்கு மட்டும் அந்த நேரத்தில் இருப்புக்கொள்ளாது. ரேடியோ ரிப்பேர் செய்துகொண்டிருப்பவன் குறடும் கையுமாக வாசலுக்கு ஓடிவிடுவேன். கடை முதலாளியான சீனர், "பயப்படாதே, எங்கள் சாமி ரொம்ப நல்ல சாமி" என்று மலாயில் சொல்லி இரண்டு ஊதுபத்தியை என் கையில் திணிப்பார். நான் பயந்தது சாமிக்கு இல்லை, வரதண்ணாவுக்கு.

திருச்சிக்காரர்களுக்கு வரதண்ணாவைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்ரீரங்கத்தில் பிரபந்தம் சேவிக்கும் குடும்பத்தில் பிறந்து, காலேஜில் பௌதிகம் படித்து, உறையூரில் ஓர் ஓட்டுக் கொட்டகையில் ரேடியோப் பெட்டி செய்யும் கம்பெனி தொடங்கிய மனுஷர். வால்வு சீமையிலிருந்து வரும். பெட்டி உள்ளூர்த் தச்சர் செய்தது. யார் யார் தொட்டதோ, தீட்டு என்று ஆசாரக்காரர்கள் முகம் சுளித்தால், "குரலுக்கு மடி ஏதுடா, விழுப்பு ஏது?" என்று என்னிடம் சிரிப்பார். நான் அவருடைய முதல் மெக்கானிக்.

ஊர்க்காரர்கள் வந்து கேட்கட்டும் என்று சித்திரை வீதியில் தம் வீட்டிலேயே ஒரு பெட்டியை வைத்தார். ஒலியைப் பிடிக்கும் ஏரியல் கம்பி அவர் மாடியிலிருந்து எதிர்வீட்டு மாடிக்குப் போனது. கோயில் உற்சவர் நம்பெருமாள் வீதியில் எழுந்தருளும் நாளில் அவர் குடைக்கு இடறலாக ஒரு நூல்கூடக் குறுக்கே இருக்கக் கூடாது. அன்றைக்குக் கம்பியை அவிழ்ப்பது என் பொறுப்பு. அப்படி ஒரு நாள் காலை கொழும்பு ஸ்டேஷனைப் பிடித்தே தீருவது என்ற வீம்பில் திருகிக்கொண்டே இருந்தேன். திடீரென்று நாதஸ்வரம் கேட்டது. அடடா, கொழும்பு என்ன சுத்தமாகக் கேட்கிறது என்று பூரித்துப் போனேன்! வாசலில் கூச்சல் எழுந்த பிறகுதான் மண்டையில் உறைத்தது.

குடை கம்பியில் சிக்கிப் பெருமாள் நடுவீதியில் நின்றுவிட்டார். வரதண்ணா மாடிக்கு ஓடிக் கம்பியை வெட்டினார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. என்னை அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். அதற்குப் பிறகு ஸ்ரீரங்கத்தில் ஒருவரும் பெட்டி கேட்டு வரவில்லை. அவர் கம்பெனியை நானே மூழ்கடித்துவிட்டேன் என்று நினைத்து, அடுத்த மாசமே நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினேன். அவரிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. கோழை!

பிறகு யுத்தம் வந்து கடிதப் போக்குவரத்து நின்றது. போன வாரம்தான் மன்னியிடமிருந்து, அதாவது வரதண்ணாவின் மனைவியிடமிருந்து, கடிதம் வந்தது; இங்கிருந்து ஊருக்குப் போன யாரிடமோ என் விலாசத்தை வாங்கியிருந்தாளாம். யுத்தத்தின்போதே அவர் காலமாகிவிட்டாராம். அழுதேன். அழுகையோடு மீதியைப் படித்தேன்.

"சேஷு, 'அபசாரம் என்னோடதுதான், கம்பியை அவிழ்க்க மறந்தவன் நான்'னு கோயில்ல அவரே போய்ச் சொல்லிட்டார். உன் பேரே வெளியில வரலை. அப்புறம் கம்பி தெருப்பக்கமே வராம, கொல்லையில நட்டுக்கற மாதிரி ஒரு இரும்புக் கம்பம் பண்ணினார். இப்போ நாலு வீதியிலயும் அந்த ஏரியல்தான். கம்பெனியில நாப்பது பேர் வேலை பாக்கறா."

அப்பாடா! பன்னிரண்டு வருஷமாக நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்தது அந்த நிமிஷமே இறங்கியது. கடை என்றும் பாராமல் வாய்விட்டுச் சிரித்தேன். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்து முதலாளி ஓடிப்போய் டீ வாங்கி வந்தார்.

கடிதத்தின் கடைசியில் மன்னி எழுதியிருந்தாள்: "மறந்ததுக்கு அவர் கோவிச்சுக்கவே இல்லை. சொல்லாமப் போனதுக்குத்தான் கோவிச்சுண்டார். ஆனா கம்பெனி வருகைப் புத்தகத்துல உன் பேரை மட்டும் யாரையும் அடிக்க விடலை. அதுல உன் பேருக்கு நேரே தினம் தன் கையால 'லீவு'ன்னு போட்டுண்டிருந்தார். இப்போ நான் போடறேன்."

எனக்கு இங்கே மனைவி இருக்கிறாள். குழந்தைகள் இரண்டும் தமிழைவிட மலாய்தான் நன்றாகப் பேசுகின்றன. திரும்புவேனா, தெரியாது. "பேரை அடிச்சிடாதீங்கோ மன்னி" என்று மட்டும் பதில் எழுதினேன். இன்று காலையும் எட்டு மணிக்குக் கடையைத் திறந்து வேலைக்கு உட்கார்ந்தேன்; உறையூரில் எனக்கு இன்றைக்கும் லீவு.