கண்மாய்க் கரையில் இருபத்திநான்கு செருப்பு

எங்கள் தெருக்கோடியில் ஒரு மழலையர் பள்ளி இருக்கிறது. வியாழன்தோறும் பிள்ளைகளை வண்டியூர்க் கண்மாய்க் கரைக்குக் கூட்டிப்போய், மண்ணையும் பூச்சியையும் தொட்டுப் பார்க்க விட வேண்டும் என்பது அதை நடத்தும் டீச்சரின் பிடிவாதம். பெற்றோர் லேசில் சம்மதிக்கவில்லை. தண்ணீர் கிடக்கிறது, பாம்பு இருக்கும். டீச்சர், ஆயா தவிர மூன்றாவதாக ஒரு பெரிய ஆள் வந்தால் அனுப்புகிறோம் என்றார்கள். அந்த மூன்றாவது ஆள் நான். ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் மறு வியாழன் கிடையாது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கணக்குப் பிரிவிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எண்ணாமல் எனக்கு இருப்புக் கொள்ளாது. மாடிப்படி, மின்கம்பியில் மைனா, பஸ் ஜன்னல், எதையும் விட மாட்டேன். முதல் வாரம் வேனிலிருந்து இறங்கிய பிள்ளைகளைத் தலை தொட்டு எண்ணினேன். ஆயா குறுக்கே வந்து நின்றார்.

“அய்யா, புள்ளைகள எண்ணாதீக. கண்ணு பட்டுப்போகும்.”

“எண்ணாம எப்படிம்மா தெரியும்?”

“எங்காத்தா ஒம்பது பெத்துச்சு. ஒருநாளும் எண்ணுனதில்ல.”

“பெறகு ஒம்பதுன்னு எப்படித் தெரிஞ்சது?”

“ஊர்ல உள்ளவுக எண்ணுனாக. அதேன் இப்ப ஆறுல நிக்கிறோம்.”

நல்ல வேளையாக, டீச்சர் வேப்பமரத்தடியில் பிள்ளைகளின் செருப்புகளைக் கழற்றச் சொன்னார். முதலில் கால் பார்க்கட்டும், பிறகு கண் பார்க்கும் என்பார் அவர். ஆயா முன்னால் போய்க் கருவேல முள்ளைப் பொறுக்கினார். நான் செருப்புகளை வரிசையாக வைத்து எண்ணினேன். இருபத்திநான்கு. பன்னிரண்டு பிள்ளைகள். செருப்பை எண்ணினால் யாருக்கும் கண் படாது. “செருப்புக்குத்தானே, படட்டும்,” என்று ஆயாவும் விட்டுவிட்டார்.

அதன் பிறகு வேப்பமரத்தடியை விட்டு நான் நகரவில்லை. டீச்சர் எருக்கிலையைத் திருப்பி அடியில் இருக்கும் புழுவைக் காட்டுவார், பிள்ளைகள் கத்துவார்கள், எனக்கு ஒன்றும் காதில் விழாது. செருப்பு குறையவில்லை என்றால் பிள்ளை குறையவில்லை. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது வியாழன் கிளம்பும் நேரம். பிள்ளைகள் ஓடிவந்து செருப்பை மாட்டிக்கொண்டார்கள். கடைசியில் நீலநிறத்தில் ஒரு ஜோடி மிஞ்சியது. கால்மணிக்கு ஒருதரம் எண்ணியிருந்தேன்; ஒவ்வொரு முறையும் கணக்குச் சரியாகவே வந்தது. வெறுங்காலோடு போகும் பிள்ளை செருப்பை எடுத்துக்கொண்டா போகும்? இது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

டீச்சர் தண்ணீர்ப் பக்கம் ஓடினார். ஆயா மற்ற பிள்ளைகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே கரையோரம் போனேன். பனைமரத்துக்குப் பின்னால், புழுதியில் குப்புறப் படுத்திருந்தாள் அந்தச் சிறுமி.

“கூப்பிட்டது கேக்கலையா?”

அவள் வாயில் விரல் வைத்தாள். “சத்தம் போட்டா குழியானை வராதுன்னு டீச்சர் சொன்னாங்க. தாத்தா, ஒங்க நிழல் விழுது.”

முகத்துக்கு நேரே புனல் போலச் சின்னச்சின்ன மண்குழிகள். ஒன்றின் விளிம்பில் எறும்பு ஒன்று சறுக்கிக்கொண்டிருந்தது. அடியில் ஒளிந்திருந்த குழியானைப் பூச்சி அதன் மேல் மண்ணை வாரி எறிந்தது. நான் அதை நின்று பார்க்கவில்லை. கையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

சிம்மக்கல்லில் ஜவுளிக்கடையில் வேலை செய்யும் அவள் அம்மா சாயங்காலம் வந்தபோது, டீச்சர் எதையும் மறைக்கவில்லை. அந்தப் பெண் என்னிடம் திரும்பினார்.

“நீங்க இருக்கீகன்னுதானே அனுப்புனேன். எனக்கு ஒண்ணே ஒண்ணு. எண்ண வேண்டிய தேவையே இல்ல.”

மறு வியாழன் இருபத்திரண்டு செருப்பு. எத்தனை முறை எண்ணினாலும் அவ்வளவுதான். இன்னும் இரண்டு வீட்டில் யோசிக்கிறார்கள் சார், இந்த மாதத்தோடு நின்றாலும் நிற்கும் என்றார் டீச்சர். அன்று நான் செருப்புப் பக்கம் உட்காரவில்லை. தண்ணீருக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே போய் நின்றேன். நிற்கவும் முடியவில்லை, அங்குமிங்கும் நடந்தேன்.

அதற்கடுத்த வாரம் அரைநாள் லீவு போட்டுவிட்டு, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தப் பெண்ணே வந்தார். அவர் செருப்பைக் கழற்றவில்லை. கொஞ்ச நேரம் என்னைப் போலவே தண்ணீரைப் பார்த்தபடி நின்றார். மகள் இழுத்த இழுப்பில் பனைமரத்தடிக்குப் போனார். குனிந்து பார்த்தார். பிறகு செருப்பைத் திசைக்கொன்றாக உதறிவிட்டு, சேலையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் கொஞ்சம் தள்ளி, நிழல் விழாத பக்கமாக நின்றேன்.

“ஏத்தா, எறும்ப உள்ள இழுக்குது பாரு.”

“பேசாதம்மா.”

அவர் குரலைத் தணித்தார். “இது கடைசி வரைக்கும் குழிக்குள்ளயேவா கெடக்கும்?”

“றெக்க மொளச்சுப் பறந்து போயிரும். டீச்சர் சொன்னாங்க.”

“எப்ப மொளைக்கும்?” என்று என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு வாரமும் வந்து பார்த்தால்தான் தெரியும் என்றேன். அவர் மறுபடி குழியைப் பார்க்கத் திரும்பிவிட்டார். நான் ஆயாவுக்குத் தெரியாமல், உதட்டை அசைக்காமல், பிள்ளைகளை ஒருமுறை எண்ணிக்கொண்டேன்.